எட்டுச் சாமத்துச் சேலை

வங்காளப் பெண் என்றதும் நம் சினிமாக்காரர்கள் ஒரே ஒரு உடுப்பைத்தான் காட்டுவார்கள். வெள்ளைச் சேலை, சிவப்புக் கரை, தலைப்பின் நுனியில் ஒரு சாவிக்கொத்து. ஆதிகாலம் தொட்டு அப்படியே வந்தது என்பது நம் நினைப்பு. சேலை பழையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குள்ளே போடும் ரவிக்கைக்கும் பாவாடைக்கும் அங்கே வயசு சுமார் நூற்றறுபதுதான். வரலாறு படித்துவிட்டு வங்கி உத்தியோகத்தில் சேர்ந்து, கல்கத்தாவில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவன் நான். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும், இதையே எழுதலாமே என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சாவிக்கொத்துக் கட்டுக்கு வங்காளியில் 'ஆட்பௌரே' என்று பெயர். எட்டுச் சாமமும் உடம்பில் இருப்பது, அதாவது அன்றாடம் உடுத்துவது என்று அர்த்தம். நம் பெண்களைப் போல முன்னால் கொசுவம் வைப்பதில்லை. இடுப்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அகலமாக மடித்துச் சுற்றி, தலைப்பை இடது தோளில் போட்டு, அதையே முதுகுப் பக்கமாக வலது கைக்கு அடியில் கொண்டுவந்து மறுபடி தோளில் எறிவார்கள். நழுவாமல் இருக்கச் சாவிக்கொத்து ஒரு கனம். சாவி யாரிடமோ அவளே வீட்டு எஜமானி என்பது ஊருக்கும் தெரிந்துவிடும்!

அந்த ஒற்றைத் துணிக்கு உள்ளே வேறு எதுவும் கிடையாது. பெரிய இடத்துப் பெண்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. ஏனென்றால் அவர்கள் அந்தப்புரத்தை விட்டு வெளியே வந்தால்தானே? கங்கையில் முழுக வேண்டுமென்றால் மூடுபல்லக்கில் கொண்டுபோய், பல்லக்கோடு ஆற்றில் முக்கி எடுத்து வீடு திருப்பிய குடும்பங்கள் உண்டு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். உள்ளே உட்கார்ந்திருந்தவளை நினைத்தால் சிரிப்பு வராது.

இதை மாற்றியவர் தாகூர் வீட்டு மருமகள். ரவீந்திரநாத்தின் அண்ணன் சத்யேந்திரநாத் 1863-ல் ஐ.சி.எஸ். தேறினார். இந்தியர்களில் அவர்தான் முதல் ஆள். 1864-ல் பம்பாய் மாகாணத்தில் வேலைக்குப் போகும்போது மனைவி ஞானதானந்தினி தேவியையும் உடன் அழைத்துப் போவேன் என்று நின்றார். அந்த அம்மையாருக்கு அப்போது பதினான்கு வயசு. சரி, கப்பலில் போகிற பெண் எதை உடுத்திக்கொண்டு போவாள்? வீட்டில் கட்டும் ஒற்றைச் சேலையோடு நாலு பேர் முன்னால் வர முடியாது. கல்கத்தாவில் ஒரு பிரெஞ்சு தையல்கடையில் சொல்லி ஏதோ ஓர் அங்கி தைத்தார்கள். போட்டுக்கொள்ளவே பெரும்பாடாக இருந்தது, கணவர் உதவினால்தான் முடியும்.

பம்பாயில் பார்சிப் பெண்களைப் பார்த்தார். ரவிக்கை போட்டுச் சேலை கட்டி, சபையில் சகஜமாக வந்து போனார்கள். அதையே எடுத்துக்கொண்டார், ஒரு திருத்தத்தோடு. பார்சிகள் வலது தோளில் போடும் தலைப்பை இவர் இடது தோளுக்கு மாற்றிக்கொண்டார். வலது கை வேலைக்கு வேண்டுமே! உள்ளே பாவாடை, மேலே ரவிக்கை. வங்காளியில் பாவாடைக்குச் 'சாயா' என்று பெயர், போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்த சொல். கல்கத்தா திரும்பியதும் இந்தக் கட்டைக் கற்றுத்தருகிறேன் என்று பத்திரிகையில் அறிவிப்பும் கொடுத்தார். முதலில் 'பம்பாய் பாணி' என்றார்கள். பிரம்ம சமாஜத்துப் பெண்கள் கட்டத் தொடங்கியதும் 'பிராம்மிகா சேலை' ஆயிற்று.

1866-ல் அவர் கவர்னர் ஜெனரல் மாளிகை விருந்துக்குப் போனார். தங்கள் குடும்பப் பெண் சபையில் நிற்பதைக் கண்டு தாகூர் குலப் பெரியவர் ஒருவர் வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டாராம். சத்யேந்திரநாத்தே இதை எழுதியிருக்கிறார். ரவிக்கை வெள்ளைக்காரன் திணித்த வெட்கம் என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் அந்தப் பதினான்கு வயசுப் பெண்ணுக்கு அது வாசற்படி தாண்டக் கிடைத்த அனுமதிச் சீட்டு என்பதே என் கட்சி.

கரையே இல்லாத வெள்ளைத் துணி ஒன்றும் உண்டு. 'தான்' என்பார்கள். விதவைக்கு வாழ்நாள் முழுக்க அதுதான். சிவப்புக் கரை சுமங்கலிக்கு, கரையில்லாதது கைம்பெண்ணுக்கு. பார்த்த மாத்திரத்தில் தெரியவேண்டும் என்பதே ஏற்பாடு. ஈசுவர சந்திர வித்யாசாகர் பாடுபட்டு 1856-ல் விதவை மறுமணச் சட்டம் வந்தபோது, சாந்திப்பூர் நெசவாளிகள் அவரை வாழ்த்தும் பாட்டைச் சேலைக் கரையிலேயே எழுத்தாக நெய்து விற்றார்கள். கரை கூடாது என்று விதிக்கப்பட்டவளுக்காக அந்தக் கரையே வாய் திறந்து பேசியது! வங்காளத் துணி வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

ஆண்கள் சங்கதி அவ்வளவு விறுவிறுப்பு இல்லை. வேட்டியை நம் பஞ்சகச்சம் போலப் பின்னால் சொருகி, முன்கொசுவத்தை நீளமாகத் தொங்கவிட்டு, அதன் நுனியைக் கையில் பிடித்தோ சட்டைப் பையில் செருகியோ நடப்பது பாபுக்களின் தோரணை. மேலே நம் ஜிப்பா. அவர்கள் அதைப் 'பஞ்சாபி' என்பார்கள். கைப்பகுதியில் கிலே என்ற கொடியின் பெரிய விதையால் அழுத்தி அழுத்திச் சுருக்கம் எடுப்பார்கள். வித்யாசாகருக்கு இந்த மினுக்கெல்லாம் கிடையாது. முரட்டு வேட்டி, மேல்துண்டு, காலில் நாட்டுச் செருப்பு. 1874-ல் கல்கத்தா மியூசியம் இருந்த கட்டடத்தில், செருப்பைக் கழற்றினால்தான் உள்ளே விடுவேன் என்றான் காவலாளி. பூட்ஸ் போட்டவர்கள் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வித்யாசாகர் திரும்பி வந்து அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார், பத்திரிகைகளில் அது பெரிய விவகாரம் ஆயிற்று.

1905-ல் கர்சன் வங்காளத்தைப் பிரித்ததும் மான்செஸ்டர் துணியைத் தெருவில் கொளுத்தினார்கள். முரட்டுச் சுதேசித் துணியைப் போற்றி ரஜனிகாந்த சென் (நம்ம ரஜினி இல்லை!) எழுதிய பாட்டு வீடு வீடாக ஒலித்தது. ஆனால் மலிவான சீமைத் துணி விற்றுப் பிழைத்தவர்களில் ஏழை முஸ்லிம் வியாபாரிகளும் இருந்தார்கள். அவர்கள் பட்ட அவதியை 1916-ல் தம் 'கரே பைரே' நாவலில் எழுதியவர் ரவீந்திரநாத். நம் மேடைகளில் இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

1947-ல் பிரிவினை வந்ததும் டாங்காயிலிலிருந்து பசாக் நெசவாளிக் குடும்பங்கள் பல எல்லை தாண்டி நதியா மாவட்டத்துப் பூலியாவுக்கு வந்தன. வந்த இடத்திலும் நெய்த சேலைக்கு ஊர்ப் பெயர் மட்டும் மாறவில்லை, அதே 'டாங்காயில்'தான். 2024 ஜனவரியில் மேற்கு வங்காளம் அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடு வாங்கியது. டாங்காயில் எங்கள் நாட்டு ஊராயிற்றே என்று வங்கதேசத்தில் ஒரே கொந்தளிப்பு. அடுத்த மாதமே அவர்களும் தங்கள் நாட்டில் அதைப் பதிவு செய்துகொண்டார்கள். ஊர் அந்தப் பக்கம், நெய்தவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கம், பெயர் யாருக்கு? சட்டக் கல்லூரிக்குப் போகப்போகிற நம் தம்பி தங்கைகள் யாராவது வாதாடிப் பார்க்கலாம்.