ஞானப்பல்லின் வேர் நகர்ந்த கதை

போன வருஷம் ஆடி மாசம். இடது கீழ்த்தாடையில் என் ஞானப்பல் பக்கத்துப் பல்லில் முட்டிக்கொண்டு, எலும்புக்குள்ளேயே சாய்ந்து கிடந்தது. ஓபிஜி எக்ஸ்ரேயைக் காட்டி டாக்டர் சொன்னார்: "வேர் நரம்பு மேலயே உக்காந்திருக்குங்க. மேல்பாகத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு, வேரை அப்படியே விட்டுடலாம்."

அமராவதி நகர் வீட்டில் வந்து சொன்னதும் அம்மா, "வேரை விட்டா சீழ் புடிக்குமே கண்ணு" என்றார். எனக்கும் அதே பயம்தான். ஒரு வாரம் டைம் கேட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன்.

அந்த நரம்பு கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் வழியாக ஓடுகிறது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். அடிபட்டால் உதடு அசையும், ஆனால் மரத்துப்போகும். காபி வழிந்தாலும் தெரியாது. சிலருக்கு அது திரும்பி வருவதே இல்லை.

இதைத் தவிர்க்க வேரை வேண்டுமென்றே விட்டுவைக்கும் முறையை 1984-ல் எக்குயே, டெபியன் என்ற இருவர் பிரெஞ்சில் எழுதினார்கள். இன்று அதற்குப் பெயர் கரோனெக்டமி. 1989-ல் ஸ்வீடனில் நுட்சன் குழு 33 பேரைக் கவனித்து, விட்டுவைத்த வேர்கள் இடம் மாறுவதைப் பதிவு செய்தது. வேர் நகர்கிறது என்றால் யாருக்குத்தான் பயம் வராது? நரம்பின் பக்கம் போனால் என்ன ஆவது?

ஆனால் அது போனது எதிர்த்திசையில். பல் முளைக்க மேலே தள்ளும் விசை வேரில் இன்னும் மிச்சமிருக்கிறது என்பது ஒரு விளக்கம். வழியை அடைத்திருந்த மேல்பாகம் போனதும் வேர் மேலே ஏறுகிறது, நரம்பை விட்டு விலகுகிறது. காலி இடத்தில் எலும்பு வளர்கிறது. 2009-ல் துருக்கியில் டோலன்மஸ் குழு அளந்தபோது சராசரி நகர்வு ஆறு மாதத்தில் 3.4 மி.மீ., ஒரு வருடத்தில் 3.8, இரண்டு வருடத்தில் 4.0. கிராஃப் போட்டுப் பார்த்தேன். முதல் ஆறு மாதம் செங்குத்து, அப்புறம் கிட்டத்தட்ட தட்டை.

வேர் நகர்வது சரி, நரம்பு பிழைத்ததா? 2005-ல் லண்டனில் ரென்டன் குழு 196 பற்களைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி இரண்டாகப் பிரித்தது. முழுசாகப் பிடுங்கிய 102-ல் 19 நரம்புகள் பாதிக்கப்பட்டன. கரோனெக்டமி வெற்றியாக முடிந்த 58-ல் ஒன்றுகூட இல்லை. ஆனால் இன்னொரு 36 பற்களில் வெட்டும்போதே வேர் ஆடிவிட்டதால் அதையும் எடுக்கவேண்டியதாயிற்று. அதில் 3 பேருக்கு நரம்பு பாதிப்பு. என்னை யோசிக்க வைத்தது முதல் எண் இல்லை, இந்த 36-தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திட்டம் பாதியில் மாறியிருக்கிறது! 2009-ல் ஹாங்காங்கில் லியுங், சியுங் செய்த பெரிய ஒப்பீட்டில் முழுசாகப் பிடுங்கிய 178-ல் 9, கரோனெக்டமி செய்த 171-ல் 1.

சீழ் விஷயத்தில் அம்மா சொன்னது முழுத் தப்பும் இல்லை. ஏற்கெனவே சீழ் பிடித்த பல்லுக்கும், ஆடுகிற வேருக்கும் இதைச் செய்யமாட்டார்கள். எனாமலைத் துளி விடாமல் எடுத்து, வெட்டிய முகத்தை எலும்பு விளிம்புக்குக் கீழே இறக்கவேண்டும், அப்போதுதான் மேலே எலும்பு மூடும். சிலருக்கு வேர் ஏறி ஏறி ஈறு வழியாக எட்டிப் பார்க்கும், இரண்டாவது ஆபரேஷன் வரும். அதற்குள் நரம்பை விட்டுத் தள்ளி வந்திருப்பதால் எடுப்பது சுலபம். பழைய கோடில் கைவைக்கப் பயப்படுகிற பகுதியை அப்படியே விட்டுவைத்தால் அது தானே நகர்ந்து வழிவிடாது. எங்கள் தொழிலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

செய்துகொண்டேன். வேர் ஆடவில்லை. மூன்று நாள் கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது, உதட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த ஆடியில் புது ஓபிஜி எடுத்தார்கள். ஓபிஜி படத்தில் உருவம் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், ஸ்கேல் வைத்து அளந்து நம்பிவிடக்கூடாது. அதனால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, பக்கத்துப் பல்லை அளவுகோலாக வைத்துப் பார்த்தேன். நரம்புக் குழாயின் மேல்கோட்டுக்கும் வேர் நுனிக்கும் நடுவே போன வருஷம் இல்லாத ஒரு சாம்பல் பட்டை. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்ப இன்னும் வளருதா?" என்றார்.