ராணுவப் பணியும் பதவி உயர்வும்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

மேற்குத் தொடர்ச்சி மலையடியில், இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். ஆண்டாள் கோயில், பால்கோவா, பஞ்சாலை, சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி ஆகியவற்றால் இந்த வட்டாரத்தை வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். சுற்றுக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் மற்றொரு பிழைப்பு படைவேலை. தெருவில் ஒரு வீட்டை அடையாளம் சொல்ல ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்றால் போதும். பெருமாள்தேவன்பட்டி போன்ற ஊர்கள் படைக்கு ஆள் அனுப்புவதாலேயே பெயர் பெற்றவை. எளிய குடும்பத்தில் பிறந்து படையில் சேர்ந்தவர் எந்தப் படி வரை ஏற முடிந்தது என்பதே இந்த வட்டாரப் படைவரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி. ஆட்சி மாறியபோதெல்லாம் அந்த எல்லையும் மாறியிருக்கிறது.

மதுரை நாயக்கர் ஆட்சியில் படைப்பணிக்குக் கூலி நிலமாகவே கிடைத்தது. விசுவநாத நாயக்கர் காலத்தில் அரியநாத முதலியார் வகுத்ததாகக் கூறப்படும் 72 பாளையங்களின் அமைப்பில், பாளையக்காரர் கப்பம் கட்ட வேண்டும், காவல் பார்க்க வேண்டும், அழைத்தபோது ஆட்களோடு வர வேண்டும். சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி ஆகிய பாளையங்கள் இந்த மலையடி வரிசையில் இருந்தன. ராஜபாளையத்தில் குடியேறிய தெலுங்கு பேசும் ராஜுக்களின் வரலாறும் விஜயநகர, நாயக்கர் காலப் படைப்பணியோடு பின்னியது. திருமலை நாயக்கர் பெயரில் ஓர் அரண்மனை ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றும் நிற்கிறது. பாளையக்காரர் படையில் இருந்த சாதாரண வீரன் உழவனாகவும் இருந்தான். அவனுக்குச் சீருடையோ மாதச் சம்பளமோ கிடையாது. தலைவனின் நம்பிக்கையைப் பெற்றால் மானிய நிலம் கிடைக்கும். அவன் காணக்கூடிய உயர்வு அதுதான்.

மாதச் சம்பளமும் பதவிப் படிகளும் கிழக்கிந்திய கம்பெனியோடு வந்தன. அந்தப் படிகளில் வேறெந்தத் தமிழரும் எட்டாத உயரத்துக்கு ஏறியவர் யூசுப் கான். மருதநாயகம் என்று மக்கள் நினைவில் நிற்பவர் அவரே. ராமநாதபுரம் பகுதிப் பனையூரில் பிறந்தவர் என்பது மரபுவழிச் செய்தி. 1750களின் தொடக்கத்தில் கம்பெனித் தளபதி கிளைவின் கீழ்ச் சிப்பாய்களோடு சேர்ந்தார். திருச்சி முற்றுகையின்போது, எதிரிகளின் கண்ணில் படாமல் தானிய வண்டிகளைக் கோட்டைக்குள் கொண்டுவந்து சேர்த்ததில் அவருடைய திறமை தெரிந்தது. மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் அதைக் கண்டு மதித்தார். சில ஆண்டுகளிலேயே கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்ட் ஆனார். தங்கப் பதக்கமும் பெற்றார்.

1756-இல் அவர் தெற்கே அனுப்பப்பட்டார். பூலித்தேவர் தலைமையில் மேற்குப் பாளையங்கள் கப்பம் கட்ட மறுத்து நின்ற காலம் அது. மலையடிப் பாதையைக் காத்த ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டை இந்தப் போர்களில் முக்கியமான நிலையாக இருந்தது. சென்னையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டபோது (1758–59) யூசுப் கான் வடக்கே போய்ப் பிரெஞ்சுப் படையை வெளியிலிருந்து அலைக்கழித்தார். திரும்பி வந்து மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆளும் பொறுப்பேற்றார். 1761-இல் பூலித்தேவரின் கோட்டைகளான நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் அவர் கையில் விழுந்தன. இந்த மண்ணின் ஆட்களைக் கொண்டே இந்த மண்ணின் கோட்டைகள் பிடிபட்டன என்பது கசப்பான உண்மை. அதை மறைத்து எழுதும் வரலாறு முழுமையானதல்ல.

திறமைக்காக ஏற்றிவிட்டவர்களுக்கே அவருடைய உயரம் உறுத்தத் தொடங்கியது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி அவரைத் தம் கீழ் ஊழியராக்கப் பார்த்தார். கம்பெனி நவாப் பக்கம் நின்றது. 1763-இல் யூசுப் கான் பிரெஞ்சுக் கொடியை ஏற்றி எதிர்த்தார். மதுரைக் கோட்டை முற்றுகையைத் தாங்கி நின்றது. உடனிருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார்.

அதன்பிறகு கம்பெனி படைத்தலைமையை வெள்ளை அதிகாரிகளிடமே வைத்துக்கொண்டது. 1796 சீரமைப்பில் ஐரோப்பிய அதிகாரிகளின் எண்ணிக்கை கூடியது. இந்தியச் சிப்பாய் எட்டக்கூடிய உயர்பதவியான சுபேதாரின் அதிகாரம் சுருங்கியது. முப்பது ஆண்டு அனுபவமுள்ள சுபேதார், நேற்று கப்பலிலிருந்து இறங்கிய இளைஞனுக்குக் கீழ்ப்படிய வேண்டியிருந்தது. புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறி, கடுக்கன் ஆகியவற்றுக்கு வந்த தடையும் 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சிக்கு உடனடிக் காரணங்கள். வெகுநாளாக உள்ளுக்குள் குமைந்த அவமானத்தையும் அவற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும். இதற்கிடையில், 1801-ஆம் ஆண்டு அறிவிப்பால் பாளையங்களின் கோட்டைகள் இடிபட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. ஊரிலேயே இருந்து படைவேலை பார்க்கும் வழி அத்தோடு அடைபட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறொரு அநீதி வந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு ஏற்றவர்கள் அல்லர் என்று கருதினார். ‘வீர இனம்’ என்ற பெயரில் பரவிய அந்தக் கொள்கையால் சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. கிளைவுக்கும் வெல்லெஸ்லிக்கும் வெற்றி தேடித் தந்த படையை அதே ஆட்சி இப்படித்தான் நடத்தியது. இரண்டாம் உலகப்போரில் ஆள் போதாமல் போனபிறகுதான், 1941-இல், மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. இந்தியர் அதிகாரியாகும் வழி ஏற்கெனவே திறந்திருந்தது. 1932-இல் டேராடூனில் ராணுவ அகாடமி தொடங்கியது. ஆயினும் ஆங்கிலக் கல்வி எட்டாத கிராமத்துப் பையனுக்கு அந்த வாசல் பெயரளவில்தான் திறந்திருந்தது.

இன்று இந்த வட்டாரத்து இளைஞர் திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் வழியாகச் சேர்கிறார். மதராஸ் ரெஜிமென்டுக்குத் தேர்வானால் குன்னூரை அடுத்த வெலிங்டனில் பயிற்சி. “வீர மதராசி, அடி கொல்லு!” என்ற முழக்கம் அங்கே நாவில் ஏறும், இந்தியும் சேர்ந்து ஏறியாக வேண்டும். நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு அதன்பின் சிப்பாய், நாயக், ஹவில்தார், நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று படிகள் போகின்றன. உடல்தகுதி, கல்விச் சான்று, பதவி உயர்வுக்கான கேடர் கோர்ஸ் தேர்ச்சி, ஆண்டுதோறும் எழுதப்படும் ரகசிய அறிக்கை, தண்டனைக் குறிப்பு இல்லாத பதிவேடு எல்லாம் ஒருங்கே அமைய வேண்டும். அமைந்தாலும் காலியிடம் வேண்டும். ஒரு பட்டாலியனுக்குச் சுபேதார் மேஜர் ஒருவர்தான். தகுதியுள்ள பலர் ஹவில்தாராகவே ஊர் திரும்புவதற்குக் காரணம் இந்தக் கணக்கு. அவர்களுடைய குறை அல்ல. பதவி தள்ளிப்போனாலும் 8, 16, 24 ஆண்டுகளில் சம்பளப் படி உயரும். 15 ஆண்டு நிரந்தரப் பணிக்குப் பென்ஷன் உண்டு. பஞ்சாலைச் சம்பளத்தையும் மழையை நம்பிய கண்மாய்ப் பாசனத்தையும் பார்த்து வளர்ந்த குடும்பங்களுக்கு அந்தப் பென்ஷன் சிறியதல்ல: பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கான்கிரீட் கூரை, தங்கையின் கல்யாணம் எல்லாம் அதை நம்பியே நடந்தன.

சிப்பாயாகச் சேர்ந்தவர் அதிகாரியாவதற்கும் வழி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இரண்டாண்டுப் பணியும் முடித்தவர் ஆர்மி கேடட் காலேஜுக்குத் தேர்வு எழுதலாம். தேறினால் பட்டப்படிப்பு, பிறகு அகாடமிப் பயிற்சி, தோளில் நட்சத்திரம். நேரடியாக அதிகாரியாக விரும்பும் பட்டதாரிகளுக்கு 1963 முதல் சென்னைப் பரங்கிமலையில் பயிற்சி மையம் இருக்கிறது. பெண்களும் 1992 முதல் அங்கே பயின்று அதிகாரிகளாகிறார்கள். 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு நிரந்தரப் பணியுரிமையை உறுதிசெய்தது. இந்த வாசல்களைப் பற்றி ஊர்ப் பள்ளிகளில் எடுத்துச் சொல்பவர் குறைவு. பணி முடித்து வந்த சுபேதார்களை வகுப்பறைக்கு அழைத்துப் பேசச் சொன்னாலே நிலைமை மாறும்.

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட, வீரர்களை நான்காண்டுப் பணிக்கு எடுக்கும் அக்னிபத் திட்டம் இந்த வாழ்க்கைக் கணக்கை மாற்றியிருக்கிறது. முதலாண்டில் மாதம் 30,000 ரூபாயாகத் தொடங்கும் ஊதியம் நான்காம் ஆண்டில் 40,000 ஆகிறது. பணி முடிவில் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும், பென்ஷன் கிடையாது. நான்காண்டு முடிந்ததும் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவோர் அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேர் என்று திட்டம் வகுக்கிறது. மற்றவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில், நாயக் பதவியைக்கூடக் காணாமல் வீடு திரும்புவார்கள்.