சல்லிக் கரையும் தேனீயும்

திருகோணமலைக்கு வடக்கேயுள்ள சல்லியைக் கடற்றொழிற் கிராமமாகவே அறிவோம். மாரியிற் கடல் கொந்தளிக்குங்கால் அங்குள்ளோர்க்குத் தேனீ துணையாகுமா? வரலாற்றை நோக்குதல் தகும்.

அம்மாவட்டத்துக் கொட்டியாரத்தில் 1660இற் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகள் வாழ்ந்த ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் மூவகைத் தேனீக்களைக் கூறுகின்றார். கிளைகளில் அடைகட்டும் பெருந்தேனீயின் கீழே பந்தம் பிடித்து, வீழ்ந்த ஈக்களை மக்கள் அவித்தும் உண்டனராம். நல்ல உணவென்று வேறு எழுதுகின்றார்! அம்முறையில் தேனோடு தேனீக் குடும்பமும் அழிந்தது.

1852இல் அமெரிக்கரான லாங்ஸ்ற்றொத் காப்புரிமை பெற்ற சட்டப்பெட்டி, புழு வளரும் அடையைத் தீண்டாது தேனெடுக்க வழிவகுத்தது. தென்னை நிழலில் அத்தகைய பெட்டியை வைத்தால் பாளைக்கு மகரந்தச் சேர்க்கை. எடுத்த தேனோ கெடாது, மாரிவரை வைத்து விற்கலாம். ஆனால் பெட்டியிற் குடியேறுவது பொந்துத் தேனீயே. பெருந்தேனீ அதற்கு இணங்குவதில்லை. உயர்மரம், பாறை போன்ற திறந்த உயரிடமே அதற்கு வேண்டும்.