சாசனப் பள்ளிகளின் தொடக்க மான்யம்: அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அதன் தோற்றமும் வளர்ச்சியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பொதுப்பணத்தால் நடைபெறும் பள்ளிகளுக்கு, சேர்ந்து பயிலும் மாணாக்கரின் தலைக்கணக்கைக் கொண்டே பெரும்பாலும் பணம் வந்து சேருகிறது. ஆகவே, புதிதாக ஒரு பள்ளியைத் தொடங்க முற்படுவோர்க்கு, முதல் மாணாக்கன் வந்து வகுப்பில் அமரும் நாள்வரையில் வருவாய் என்பது இல்லை. செலவுகளோ அதற்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு முன்னதாகவே ஆரம்பித்துவிடுகின்றன. தலைமையாசிரியரை அமர்த்த வேண்டும். பாடத்திட்டம் வகுக்க வேண்டும். கட்டடம் தேடி வாடகை பேச வேண்டும். வீடு வீடாகச் சென்று பெற்றோரைக் கண்டு, இன்னும் கண்ணால் காணாத பள்ளியில் தம் மக்களைச் சேர்க்கும்படி இணங்கச் செய்ய வேண்டும். வழக்கமான பள்ளிக்கு இச்செலவுகளைத் தாங்க மாவட்டக் கல்விச் சபை இருக்கிறது. ‘சார்ட்டர் ஸ்கூல்’ எனப்படும் சாசனப் பள்ளிக்கோ, அதாவது கட்டணம் வாங்காமலும் சமயச் சார்பின்றியும் ஒரு சாசனத்தின் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டுத் தன் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ளும் பொதுப் பள்ளிக்கு, அத்தகைய ஆதரவு பெரும்பாலும் இல்லை. இந்த இடைவெளியை நிரப்பவென்றே 1994-ஆம் ஆண்டில் ஐக்கிய அரசாங்கம் ஒரு போட்டி மான்யத்தை ஏற்படுத்தியது. அம்மான்யத்தின் வரலாறு முழுவதும், இன்னும் பிறவாத பள்ளியைக் காகிதத்தைக் கொண்டு எவ்வாறு எடைபோடுவது என்ற ஒரே பிரச்னையைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது என்பதையும், அப்பிரச்னைக்குக் காணப்பட்ட விடைகள் ஆசிரியர் கையிலிருந்த முயற்சியைச் சிறிது சிறிதாக ஸ்தாபனங்களின் கைக்கு மாற்றிவிட்டன என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் உத்தேசம்.

மூல எண்ணம் ஆசிரியர்களைப் பற்றியதுதான். மாஸச்சூஸெட்ஸ் சர்வகலாசாலையில் பேராசிரியராயிருந்த ரே பட் என்பவர், 1974-இல் ஒரு மாநாட்டுக் கட்டுரையில் முதன்முதலாக வெளியிட்டு, பின்னர் 1988-இல் நூலாக விரித்தெழுதிய யோசனை என்னவென்றால், ஆசிரியர் குழுவொன்று கல்விச் சபையிடமிருந்து மூன்று முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒரு சாசனம் பெற்று, புதிய போதனா முறையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே. அதே 1988-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் தேதி வாஷிங்டனிலுள்ள தேசியப் பத்திரிகையாளர் கழகத்தில் பேசிய ஆல்பர்ட் ஷாங்கர், அமெரிக்க ஆசிரியர் சம்மேளனத்தின் தலைவர் என்ற முறையில் இவ்வெண்ணத்தைத் தேசத்தின் முன் வைத்தார். ஜெர்மனியின் கொலோன் நகரில், ஆசிரியர்களே கூடி முடிவெடுத்து நடத்திய ஒரு பள்ளியை முந்திய ஆண்டில் நேரில் கண்டுவந்தவர் அவர். தொழிற்சங்கத் தலைவர் ஒருவரால் பிரசித்தி பெற்ற இவ்வியக்கத்தைச் சில ஆண்டுகளுக்குள்ளாகவே அவர் எதிர்க்கத் தொடங்கினார் என்பதும், பிற்காலத்தில் ஆசிரியர் சங்கங்களே இதன் பெரிய எதிரிகளாயின என்பதும் வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

மின்னஸோட்டா மாநிலம் இதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. மாநிலச் செனட்டர் எம்பர் ரைக்காட் கொண்டுவந்த மசோதா பலவிதச் சமரசங்களால் மெலிந்து, எட்டுப் பள்ளிகளுக்கு மேல் கூடாதென்ற வரம்போடு, 1991-இல் கவர்னர் ஆர்னி கார்ல்ஸனின் கையொப்பம் பெற்றது. பள்ளியின் நிர்வாகக் குழுவில் ஆசிரியர்களே பெரும்பான்மையினராக இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதிகளுள் ஒன்று. பட் கருதிய சாசனம் எத்தகையது என்பதற்கு இதைக்காட்டிலும் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. மறு ஆண்டு செப்டம்பரில், ஸெயின்ட் பால் நகரத்தில், படிப்பை இடையிலே விட்டுவிட்ட இளைஞர்களுக்கென ‘ஸிட்டி அகாடமி’ என்னும் பள்ளியை இரண்டு ஆசிரியர்கள் சிறிய அளவில் திறந்தனர். தேசத்தின் முதல் சாசனப் பள்ளி அதுவே. அன்று அவர்கள் விண்ணப்பிப்பதற்கு ஐக்கிய அரசாங்கத்தின் தொடக்க மான்யம் என்ற ஒன்று இருக்கவில்லை.

அதை உண்டாக்கும் பிரயத்தனமும் மின்னஸோட்டாவிலிருந்தே புறப்பட்டது. அம்மாநிலத்தின் செனட்டரான டேவ் டூரன்பர்கர், கனெக்டிகட் செனட்டரான ஜோஸப் லீபர்மனுடன் சேர்ந்து 1991-இல் கொண்டுவந்த மசோதா உடனே நிறைவேறவில்லை. ஆனால் அதன் சாரம், 1994 அக்டோபரில் ஜனாதிபதி கிளின்டன் கையொப்பமிட்ட பள்ளிக்கல்வி மேம்பாட்டுச் சட்டத்தில் ஒரு பகுதியாக இடம்பெற்றது. அடுத்த நிதியாண்டில் இதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 60 இலட்சம் டாலர். அந்தத் தேசத்தின் கணக்கில் இது அற்பத் தொகையே. திட்டமிடுதற்கு அதிகபட்சம் 18 மாதம், ஆரம்ப நடைமுறைக்கு அதிகபட்சம் இரண்டாண்டு, மொத்தத்தில் மூன்றாண்டுக்கு மேற்படாத உதவி என்று சட்டம் வகுத்தது. மாநிலக் கல்வி இலாகா வாஷிங்டனுக்கு விண்ணப்பித்து, வென்று, பெற்ற தொகையைப் பள்ளி தொடங்குவோர்க்குப் போட்டி முறையிலேயே பகிர்ந்தளிக்க வேண்டும்; மாநிலம் விண்ணப்பியாமலோ தோற்றோ விட்டால், தொடங்குவோர் நேரே வாஷிங்டனுக்கு எழுதலாம்.

இந்த இரட்டைப் போட்டி எதற்காக? மான்யத்தை எல்லா மாநிலங்களுக்கும் மக்கட்தொகைப்படி பங்கிட்டிருந்தால், சாசனச் சட்டமே இல்லாத மாநிலங்களுக்கும் பணம் போயிருக்கும். அத்துடன், மாநிலங்களின் சட்டங்களை வாஷிங்டன் நேரே மாற்ற முடியாதாயினும், மான்யத்தின் நிபந்தனைகளால் அவற்றைத் தன் பக்கம் இழுக்க முடியும். 1998-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இதனை வெளிப்படையாகவே செய்தது: ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையேனும் பள்ளிகளைப் பரிசீலிக்கும் மாநிலங்களுக்கும், கல்விச் சபை மறுத்தால் மேல்முறையீட்டுக்கு இடமளிக்கும் மாநிலங்களுக்கும், வரவு செலவில் பள்ளிக்கு மிகுந்த சுதந்தரம் கொடுக்கும் மாநிலங்களுக்கும் போட்டியில் முன்னுரிமை வந்தது. 1999-இல் ஒதுக்கீடு 10 கோடி டாலராயிற்று. 2000 மே மாதத்தில் கிளின்டன் ‘ஸிட்டி அகாடமி’க்கே விஜயம் செய்து இத்திட்டத்தின் வளர்ச்சியைப் பாராட்டிப் பேசினார்.

மான்யத்தைக் கொண்டு மாநிலங்களை இழுக்கும் உபாயம் உச்சநிலை அடைந்தது ஒபாமாவின் ஆட்சியில். ‘ரேஸ் டு தி டாப்’ என்ற பெயரில் 2009-இல் அறிவிக்கப்பட்ட 435 கோடி டாலர்ப் போட்டியில், 500 மதிப்பெண்ணுள் 40, சாசனப் பள்ளிகளும் அவைபோன்ற புதுமைப் பள்ளிகளும் செழிப்பதற்கேற்ற நிலைமைகளுக்கென வைக்கப்பட்டது. பள்ளிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியிருந்த மாநிலங்கள் பல, அந்த நாற்பதை இழக்க அஞ்சி வரம்பைத் தளர்த்தின. முதற்சுற்றில் 2010 மார்ச்சில் வென்றவை டெலவேரும் டென்னெஸ்ஸியும் மட்டுமே. தோற்ற மாநிலங்கள் மாற்றிய சட்டங்களோ மாற்றியபடியே நின்றன. பணத்தைக் கொடாமலே காரியத்தைச் சாதித்துக்கொள்ளும் சாமர்த்தியத்துக்கு இதற்கு நிகரான உதாரணம் கல்வி நிர்வாக வரலாற்றில் அரிது.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். ஏனெனில் கொள்கையின் பேச்சைக் காட்டிலும் விண்ணப்பத் தாளிலேதான் மாறுதல் தெளிவாகத் தெரிகிறது. ‘ஃபெடரல் ரெஜிஸ்டர்’ என்னும் அரசாங்க கெஜட்டில் அறிவிப்பு வெளியாகிறது. அதில் முன்னுரிமைகள் மூவகையாகப் பிரித்துச் சொல்லப்படுகின்றன: பூர்த்தி செய்யாவிடில் விண்ணப்பமே தள்ளுபடியாகும் கட்டாய முன்னுரிமை, கூடுதல் மதிப்பெண் தரும் போட்டி முன்னுரிமை, மதிப்பெண் ஏதுமின்றி விருப்பத்தை மட்டும் தெரிவிக்கும் அழைப்பு முன்னுரிமை. பின்னர், திட்டத்தின் தரம், ஊழியரின் யோக்கியதை, நிர்வாக ஏற்பாடு, மதிப்பீட்டு முறை என்ற தலைப்புகளுக்கு இவ்வளவு மதிப்பெண் என்று வகுக்கப்படுகிறது. விண்ணப்பதாரர் இவற்றுக்கு ஒவ்வொன்றாக விடையெழுதி, இடங்களைக் காட்டிலும் விண்ணப்பிக்கும் மாணாக்கர் மிகுந்தால் குலுக்கல் முறையிலே சேர்ப்பதாக உறுதி கூறி, மான்யம் தீர்ந்த பின்னும் பள்ளி எவ்வாறு நிலைத்து நிற்கும் என்று விளக்கி, மூலதனத்திலிருந்து செயலும், செயலிலிருந்து பலனும் எவ்வாறு பிறக்கும் என்பதைக் கட்டங்களாலும் அம்புக்குறிகளாலும் வரைந்து காட்டும் ‘லாஜிக் மாடல்’ ஒன்றையும் சேர்த்து, குறித்த தேதியின் நள்ளிரவுக்கு முன் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பியாக வேண்டும். அனுப்புவதற்கு முன்பே அரசாங்கப் பதிவேட்டில் பெயரைப் பதிந்து எண் பெற்றிருக்க வேண்டும். இந்தச் சின்னஞ்சிறு காரியத்தைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போட்டவர்கள், போட்டியில் தோற்காமலே போட்டியிலிருந்து நீங்கிப்போவதுண்டு.

விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் இடுவோர் இலாகா உத்தியோகஸ்தர்கள் அல்லர். வெளியிலிருந்து அழைக்கப்படும் கல்வியாளர்கள். ஒரு விண்ணப்பத்தைச் சிலர் தனித்தனியே படித்து, பிறகு கலந்து பேசி, மதிப்பெண்ணோடு குறை நிறைகளையும் எழுதுகின்றனர். வரிசைப்பட்டியலில் மேலிருந்து கீழாகப் பணம் தீரும்வரை மான்யம் வழங்கப்படுகிறது. ஒரே தாளுக்குப் பரிசீலகர்களின் மதிப்பெண்கள் வேறுபடுவதை, விடைத்தாள் திருத்திப் பழகிய எவரும் வியப்பாகக் கொள்ளமாட்டார்கள். கவனிக்க வேண்டியது வேறொன்று. பரிசீலகர் முன் இருப்பது பள்ளியன்று. பள்ளியைப் பற்றிய வசனம். நன்றாகக் கற்பிக்கும் சக்தியும் நன்றாக விண்ணப்பம் எழுதும் சக்தியும் ஒருவரிடத்திலேயே அமைந்திருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. பின்னதைக் கூலிக்கு வாங்கலாம். விண்ணப்பம் எழுதுவதே ஜீவனமாகக் கொண்ட ஆலோசகர் வர்க்கம் அந்நாட்டில் தழைத்திருப்பது இதனால்தான்.

காகிதத்தின் மேல் எழுந்த இந்த அவநம்பிக்கைக்கு அரசாங்கம் கண்ட பரிகாரம், முந்திய சாதனையைச் சான்றாகக் கேட்பது. ஏற்கெனவே நற்பயன் காட்டிய பள்ளிகளை நடத்தும் ஸ்தாபனம், அதே மாதிரியில் இன்னொன்றைத் திறக்கும்போது ஓரளவேனும் நம்பலாம் அல்லவா? 1994-இல் ஹூஸ்டனில் இரண்டு இளம் ஆசிரியர்களால் ஒரு வகுப்பாகத் தொடங்கப்பெற்ற ‘கிப்’, ‘கேப்’ ஆடை வியாபார நிறுவனத்தின் ஸ்தாபகரான ஃபிஷர் தம்பதியரின் பெருங்கொடையால் தேசமெங்கும் கிளைவிட்டு, இத்தகைய ஸ்தாபனங்களுக்கு முன்மாதிரியாயிற்று. 2015 டிசம்பரில் நிறைவேறிய ‘எவ்ரி ஸ்டூடன்ட் ஸக்ஸீட்ஸ்’ சட்டம், மாநிலத்துக்கு ஒரு வழி, பல பள்ளிகளை நடத்தும் ஸ்தாபனங்களுக்கு ஒரு வழி, தனியாகத் தொடங்குவோர்க்கு ஒரு வழி என்று மான்யத்தைக் கிளை பிரித்தது. மாநிலத்தின் சார்பில் கவர்னரோ, சாசனப் பள்ளிகளுக்கு ஆதரவளிக்கும் சங்கமோகூட விண்ணப்பிக்கலாயிற்று. பெற்ற தொகையில் நூற்றுக்குத் தொண்ணூறு பள்ளிகளுக்கே போகவேண்டும், ஏழு தொழில்நுட்ப உதவிக்கு, மூன்றுக்கு மேற்படாதது நிர்வாகத்துக்கு என்றும் விதிக்கப்பட்டது. கட்டடம் கட்ட இப்பணத்தைச் செலவிடலாகாது. சிறு பழுது பார்க்கலாம், வாகனத்துக்கான முதற்செலவைச் செய்யலாம், ஆசிரியரைத் தயார்செய்யலாம். சான்று கேட்பது நியாயமே. ஆனால் சான்று உடையவன் முன்பே பள்ளி நடத்தியவன். முதன்முறையாகத் தொடங்கும் ஆசிரியனுக்கு எஞ்சியிருப்பது மீண்டும் அந்தக் காகிதந்தான்.

மான்யம் பெற்றும் திறக்கப்படாத பள்ளிகளும், திறந்து விரைவில் மூடப்பட்ட பள்ளிகளும் உண்டு. ஒருகாலத்தில் இவ்வியக்கத்தை ஆதரித்துப் பின்னர் அதைக் கடுமையாக எதிர்த்த கல்வி வரலாற்றாசிரியை டயன் ராவிச் தலைமை வகித்த சங்கம், ஏறத்தாழ 100 கோடி டாலர்வரை இவ்வாறு வீணாயிருக்கலாம் என்று 2019-இல் குற்றம் சாட்டியது. காங்கிரஸ் சபையின் தணிக்கை அலுவலகமோ, 2022-இல் வெளியிட்ட ஆய்வில், மான்யம் பெற்ற பள்ளிகள், அதைப் பெறாத ஒத்த தன்மையுடைய பள்ளிகளைவிடப் பொதுவாக மூடப்படுவது குறைவு என்று கண்டது. இரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல: முதலாவது இழந்ததை எண்ணுகிறது, இரண்டாவது ஒப்பிட்டு நோக்குகிறது. அதே ஆண்டு ஜூலையில் பைடன் அரசாங்கம், இலாபம் கருதும் கம்பெனியின் ஆதிக்கத்தில் பள்ளியை விட்டுவிடுவதில்லை என்ற உறுதியையும், அவ்வட்டாரத்துக்குப் புதிய பள்ளி தேவையென்பதற்கு ஆதாரத்தையும் கேட்கும் விதிகளைப் பலத்த ஆட்சேபங்களுக்கிடையே கொண்டுவந்தது. விண்ணப்பத்தில் மேலும் ஒரு பகுதி கூடிற்று.

ஒதுக்கீடு 2019 முதல் ஆண்டுதோறும் 44 கோடி டாலராக நின்று, 2025-இல் 50 கோடியாக உயர்த்தப்பட்டது. தொகை இவ்வாறு பெருகிய பின்னும், எத்துணை நுட்பமான கேள்விகளை அடுக்கினாலும், பிறவாத பள்ளியின் குணம் தாளில் அகப்படுவதில்லை என்பதே இவ்வரலாற்றிலிருந்து நான் அடையும் முடிவு. ஆதலின் கேள்விகளைக் கூட்டுவதைக் காட்டிலும், திட்டக் காலத்துக்குச் சிறு தொகையை எளிய விண்ணப்பத்தின்மேல் பலருக்கு அளித்து, பெருந்தொகையைக் கதவு திறந்து மாணாக்கர் அமர்ந்த பின் நேரில் சென்று பார்த்துக் கொடுப்பதே மேலான முறை. தவறினால் நஷ்டமும் சிறிதாகும், பெயரறியாத இரண்டு ஆசிரியர்களுக்கும் இடம் கிடைக்கும்.