கௌபாய்த் திரைப்படங்களில் அயல்நாட்டு நடிகர்கள்: ஒரு கலை வகைமையின் எழுச்சியும் தேய்வும்

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கு நிலப்பரப்பைக் களமாகவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைப் பெரும்பாலும் காலமாகவும் கொண்ட திரைப்படங்கள் ஆங்கிலத்தில் 'வெஸ்டர்ன்' என்றும், தமிழ் ரசிகர்களிடையே 'கௌபாய் படம்' என்றும் வழங்கப்படுகின்றன. அமெரிக்கர்கள் தங்கள் நாடு உருவான விதத்தைத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட கதைகளாக இவை கருதப்படுகின்றன. 1970களில் இவ்வகைமையின் செல்வாக்குக் குன்றியபோது, இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அயலார் எடுத்த படங்களே இதன் தூய்மையைக் கெடுத்தன என்ற கருத்தும் உடன் எழுந்தது. இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை அயல்நாட்டு நடிகர்களின் வரலாற்றின் வழியாக ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த் திணைக் கோட்பாடு இவ்வாய்வுக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. முதல், கரு, உரி என்னும் மூன்றும் ஒன்றினும் ஒன்று சிறந்தவை என்பது தொல்காப்பிய நெறி. கௌபாய்ப் படத்திற்கு வறண்ட பெருவெளி முதற்பொருள். குதிரையும் மாட்டு மந்தையும் கைத்துப்பாக்கியும் கருப்பொருள்கள். உரிப்பொருளோ, 'இந்த மண் யாருக்கு உரியது?' என்னும் வினாவும் அதற்குப் படங்கள் அளித்த விடையும் ஆகும். நிலமும் நடிகரும் மாறியதால் வகைமை தேய்ந்ததா, அன்றி அந்த விடையின்மீது இருந்த நம்பிக்கை குலைந்ததால் தேய்ந்ததா என்பதே இங்கு எழும் சிக்கல்.

தொடக்க நிலை

1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அமெரிக்காவில் எல்லைக்கோடு என்று சுட்டத்தக்க குடியேற்ற விளிம்பு இனி இல்லை என்று அறிவித்தது. 1893இல் பிரெடரிக் ஜாக்சன் டர்னர் என்னும் வரலாற்றறிஞர், அந்த விளிம்பே அமெரிக்கப் பண்பை உருவாக்கியது என்ற தம் கோட்பாட்டை முன்வைத்தார். மேற்கு நிலம் வரலாறாக முடிந்த அதே காலத்தில் அது காட்சியாகத் தொடங்கியது. 1883இல் தோன்றிய 'பஃபலோ பில்' கோடியின் குதிரைச் சாகசக் குழு, 1887இல் இலண்டன் சென்று விக்டோரியா அரசியாரின் பொன்விழா ஆண்டில் நிகழ்ச்சிகள் நடத்தியது. லகோட்டா இனத் தலைவர் சிட்டிங் புல் 1885இல் அக்குழுவில் பங்கேற்றார்; 1890 டிசம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். போர்க்களத்தில் எதிரியாக இருந்தவர் கண்காட்சியில் நடிகராக நிறுத்தப்பட்ட இந்நிகழ்வு, பின்னர் வந்த திரைப்படங்களின் போக்கை முன்னறிவிப்பது போல அமைந்துள்ளது.

1903இல் எட்வின் எஸ். போர்ட்டர் இயக்கிய 'த கிரேட் டிரெயின் ராபரி' இவ்வகைமையின் முன்னோடிப் படமாகப் போற்றப்படுகிறது. ஆனால் அது மேற்கில் எடுக்கப்படவில்லை. கிழக்குக் கடற்கரையில் உள்ள நியூ ஜெர்சியில்தான் அதன் வெளிப்புறக் காட்சிகள் படமாக்கப்பட்டன. ஆகவே, உண்மையான நிலத்தோடு பிணைந்த 'தூய' கௌபாய்ப் படம் என்ற ஒன்று தொடக்கத்திலேயே இருந்ததில்லை.

ஹாலிவுட்டில் அயல்நாட்டு நடிகர்கள்

1939ஆம் ஆண்டு இவ்வகைமையின் வரலாற்றில் ஒரு திருப்பம். ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' ஜான் வெய்னை உயர்த்திய அதே ஆண்டில், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த எரோல் ஃபிளின் 'டாட்ஜ் சிட்டி'யில் ஷெரீப்பாக நடித்தார். அவருடைய பேச்சொலி அமெரிக்கப் பேச்சொலியோடு ஒட்டாததால், அப்பாத்திரம் அயர்லாந்தைச் சேர்ந்தவர் என்று கதையிலேயே காரணம் காட்டப்பட்டது. 1941இல் அவரே 'தே டைட் வித் தெயர் பூட்ஸ் ஆன்' படத்தில் அமெரிக்கப் படைத்தலைவர் கஸ்டராக நடித்தார். இரண்டே ஆண்டுகளில் அயலவர் அந்நாட்டுப் போர்நாயகராக ஏற்கப்பட்டுவிட்டார். ஜெர்மானியரான மார்லீன் டீட்ரிச் 'டெஸ்ட்ரி ரைட்ஸ் அகெய்ன்' (1939) படத்தில் மதுக்கூடப் பாடகியாகத் தோன்றிப் புகழ் பெற்றார்.

1952இல் வெளிவந்த 'ஹை நூன்' அமெரிக்க மனச்சான்றின் படமாக மதிக்கப்படுகிறது. அதன் இயக்குநர் ஃபிரெட் ஜின்னமன் ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர். அவருடைய பெற்றோர் நாஜிகளின் யூத இன அழிப்பில் உயிரிழந்தவர்கள். இசையமைப்பாளர் திமித்ரி தியோம்கின் இன்றைய உக்ரைன் நிலப்பகுதியில் பிறந்தவர். மெக்சிகோ நடிகை கேட்டி ஹுராடோ அப்படத்திற்காகக் கோல்டன் குளோப் விருது பெற்றார். ஊரார் அனைவரும் கைவிட்டபின் தனித்து நிற்கும் காவலரின் கதையை, ஊரையே இழந்து வந்தவர் இத்துணை அழுத்தத்துடன் கூற முடிந்ததில் வியப்பில்லை.

1960இல் வெளியான 'த மேக்னிஃபிசன்ட் செவன்', ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ஏழு சாமுராய்கள்' (1954) படத்தின் தழுவல். அதில் எழுவர் தலைவராக நடித்த யூல் பிரின்னர் ரஷ்யாவின் விளாடிவாஸ்டாக்கில் பிறந்தவர். மெக்சிகோ இளைஞராக நடித்த ஹார்ஸ்ட் புக்கோல்ட்ஸ் பெர்லினில் பிறந்த ஜெர்மானியர். இச்சான்றுகளால், அயலார் பங்கு வகைமையின் வீழ்ச்சிக் காலத்தில் புகுந்த புதுமை அன்று என்பதும், அதன் உச்சக் காலத்திலேயே நிலைபெற்றிருந்தது என்பதும் தெளிவாகின்றன. எனினும் இவ்வரவேற்பில் ஒரு படிநிலை இருந்தது. ஐரோப்பிய முகம் உடையவர் எவ்வினத்தவராகவும் நடிக்கலாம். மெக்சிகோ நடிகருக்கோ பெரும்பாலும் துணைப் பாத்திரமே வாய்த்தது.

பூர்வகுடி வேடமும் பூர்வகுடி நடிகரும்

இப்படிநிலை மிகக் கூர்மையாக வெளிப்படுவது பூர்வகுடிப் பாத்திரங்களில்தான். ஃபோர்டின் 'த சர்ச்சர்ஸ்' (1956) படத்தில் கமான்சி இனத் தலைவர் ஸ்கார் வேடத்தில் நடித்த ஹென்றி பிராண்டன் பெர்லினில் பிறந்தவர். அவருக்குப் பின்னால் கமான்சி வீரர்களாகக் குதிரையேறி வந்தவர்கள், படப்பிடிப்பு நடந்த மானுமென்ட் பள்ளத்தாக்கையே தாயகமாகக் கொண்ட நவஹோ இனத்தவர். மண்ணுக்கு உரியவர் வேற்றினப் பெயரில் கூட்டமாக நின்றனர். கடல் கடந்து வந்தவர் தலைவராகப் பேசினார்.

ஐரோப்பாவில் இந்நிலை வேறு வடிவம் பெற்றது. மேற்கு நிலத்தை நேரில் காணாமலேயே அதைப் பற்றி நாவல்கள் எழுதிய ஜெர்மன் எழுத்தாளர் கார்ல் மை (1842–1912) படைத்த அப்பாச்சி வீரர் வின்னட்டூ, 1962இல் மேற்கு ஜெர்மனித் திரைக்கு வந்தார். அவ்வேடத்தில் பிரெஞ்சு நடிகர் பியர் பிரீஸ் 1968 வரை பதினொரு படங்களில் நடித்தார். படங்கள் யூகோஸ்லாவியாவில் எடுக்கப்பட்டன. அவற்றில் சிறுவேடங்களில் தோன்றிய செர்பிய நடிகர் கொய்கோ மிட்டிச், 1966 முதல் கிழக்கு ஜெர்மனியின் டெஃபா நிறுவனப் படங்களில் பூர்வகுடி நாயகரானார். அப்படங்களில் பூர்வகுடிகள் நீதியின் பக்கமும் குடியேறியோர் பேராசையின் பக்கமும் நிறுத்தப்பட்டனர். ஹாலிவுட்டின் விடையை அவை தலைகீழாக்கின. ஆயினும் பூர்வகுடியின் முகம் ஐரோப்பிய முகமாகவே நீடித்தது.

இவற்றோடு வேறொரு முரணையும் இணைத்து நோக்க வேண்டும். 'த லோன் ரேஞ்சர்' தொலைக்காட்சித் தொடரில் (1949–1957) டோன்டோவாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ், 'லிட்டில் பிக் மேன்' (1970) படத்திற்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற சீஃப் டான் ஜார்ஜ், 'டான்சஸ் வித் உல்வ்ஸ்' (1990) படத்திற்காக அதே சிறப்பைப் பெற்ற கிரஹாம் கிரீன் ஆகிய மூவரும் கனடாவில் பிறந்த பூர்வகுடியினர். நாட்டெல்லைக் கணக்கின்படி இவர்களும் 'அயல்நாட்டு நடிகர்களே'. ஆனால் அந்த எல்லைக்கோடு, இவர்களுடைய முன்னோர் அங்கு வாழ்ந்த நெடுங்காலத்திற்குப் பின் வந்தவர்களால் வரையப்பட்டது. யார் அயலவர் என்னும் வினா படங்களின் கதைக்கு மட்டுமன்றி நடிகர் பட்டியலுக்கும் உரியதாகிறது.

இத்தாலியப் படங்கள்

1964இல் செர்ஜியோ லியோனி இயக்கிய 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' இத்தாலி, ஸ்பெயின், மேற்கு ஜெர்மனி ஆகிய மூன்று நாடுகளின் கூட்டுத் தயாரிப்பு. களம் ஸ்பெயின், கதை குரோசாவாவின் 'யோஜிம்போ' (1961) படத்திலிருந்து பெறப்பட்டது. இதன்பொருட்டு ஜப்பானின் டோஹோ நிறுவனம் வழக்குத் தொடுத்து இழப்பீடு பெற்றது. 15,000 டாலர் ஊதியத்திற்கு வந்த கிளின்ட் ஈஸ்ட்வுட் ஒருவரே முதன்மை நடிகர்களுள் அமெரிக்கர். அவர் ஆங்கிலத்தில் பேச, எதிரில் நின்றவர் இத்தாலியத்தில் விடையிறுக்க, உரையாடல் பின்னர் குரல் சேர்ப்பில் ஒருமுகப்படுத்தப்பட்டது. அயல்நாட்டுப் படம் என்று தெரியாதிருக்க, லியோனி 'பாப் ராபர்ட்சன்' எனவும், நடிகர் ஜான் மரியா வொலோன்டே 'ஜான் வெல்ஸ்' எனவும், இசையமைப்பாளர் என்னியோ மோரிகோனே 'டான் சாவியோ' எனவும் பெயர் மாற்றிக்கொண்டனர். மரியோ ஜிரோட்டி 'டெரன்ஸ் ஹில்' ஆனார். கார்லோ பெதர்சோலி 'பட் ஸ்பென்சர்' ஆனார்.

இப்பெயர் மாற்றங்கள் வணிக உத்தி என்பது உண்மையே. எனினும் மாறியது பெயர் மட்டும் அன்று. ஹாலிவுட் நாயகர் சட்டத்திற்காகவோ ஊருக்காகவோ சுட்டார். லியோனியின் நாயகர் பணத்திற்காகச் சுட்டார். 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்' (1968) படத்தில், நேர்மையின் உருவாக அறியப்பட்ட ஹென்றி ஃபோண்டா ஒரு சிறுவனைக் கொல்லும் கொலையாளியாக வருகிறார். துனிஸ் நகரில் பிறந்த கிளாடியா கார்டினாலே ஏற்ற பெண் பாத்திரமே இறுதியில் அந்நிலத்தில் நிலைபெறுகிறது. அமெரிக்கர்கள் புனிதமாகக் கருதிய கதையை, அதில் குடும்பப் பற்று இல்லாத அயலார் வெறும் கதையாகக் கண்டனர். எனவே அதன் மறைவிடங்களைத் திறந்து காட்ட அவர்களால் இயன்றது.

தேய்வின் காரணங்கள்

1959ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் மாலை நேரத்தில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட கௌபாய்த் தொடர்கள் ஒளிபரப்பாயின. வீட்டில் நாள்தோறும் கிடைப்பதைத் திரையரங்கில் காசு கொடுத்துக் காண வேண்டிய தேவை குறைந்தது. இத்தாலியப் படங்கள் அமெரிக்காவில் வெளியாகத் தொடங்கிய 1967க்கு முன்பே இத்தெவிட்டல் தொடங்கிவிட்டது.

அதனினும் ஆழமான காரணம் அரசியல் சார்ந்தது. 1968இல் வியட்நாமின் மை லாய் சிற்றூரில் அமெரிக்கப் படையினர் நிகழ்த்திய படுகொலை 1969 நவம்பரில் வெளியுலகிற்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டில் வெளிவந்த 'சோல்ஜர் புளூ', 'லிட்டில் பிக் மேன்' ஆகிய படங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரைப்படை பூர்வகுடிகளைக் கொன்று குவித்த நிகழ்வுகளைக் காட்டின. குதிரைப்படையின் ஊதுகொம்பு ஒலித்ததும் கைதட்டிய பார்வையாளர், இப்போது அதே ஒலியை அச்சத்துடன் கேட்டனர். 1973இல் மார்லன் பிராண்டோ, திரைப்படங்கள் பூர்வகுடிகளைச் சித்திரித்த முறையைக் கண்டித்து ஆஸ்கர் விருதை ஏற்க மறுத்தார்.

1980இல் மைக்கேல் சிமினோ இயக்கிய 'ஹெவன்ஸ் கேட்' ஏறத்தாழ 4.4 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் ஏறத்தாழ 35 இலட்சம் டாலர் மட்டுமே ஈட்டியது. மறு ஆண்டில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் எம்.ஜி.எம். நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. பிரெஞ்சு நடிகை இசபெல் யூப்பெர் முதன்மைப் பாத்திரம் ஏற்ற அப்படம், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஏழைகளைப் பெருங்கால்நடை முதலாளிகள் வேட்டையாடியதைக் கூறுகிறது. அயலவரே கதைப்பொருளான படத்தோடு பெருஞ்செலவுக் கௌபாய்ப் படங்களின் காலம் முடிவுற்றது.

இத்தேய்வு உலகெங்கும் ஒரே அளவில் நிகழவில்லை. 'மெக்கன்னாஸ் கோல்ட்' (1969) இதற்குத் தக்க சான்று. எகிப்திய நடிகர் ஒமர் ஷெரீப் மெக்சிகோ கொள்ளைக்காரராக நடித்த இப்படம் அமெரிக்காவில் தோல்வியுற்றது. சோவியத் நாட்டிலும் இந்தியாவிலும், குறிப்பாகத் தமிழ்நாட்டிலும் பெருவெற்றி பெற்றது. 1972இல் கர்ணன் இயக்கிய 'கங்கா' போன்ற தமிழ்க் கௌபாய்ப் படங்கள் வெளிவந்ததும், இத்தாலியின் டெக்ஸ் வில்லரும் பெல்ஜியத்தின் லக்கி லூக்கும் தமிழ்ச் சித்திரக்கதை வாசகரிடம் வேரூன்றியதும் இதனோடு எண்ணத்தக்கன. இக்கதையில் தன் நாட்டின் பெருமையைத் தேடாத பார்வையாளருக்கு அது பொய்த்துப்போகவும் இல்லை.

தேய்வுக்குப் பின்

ஈஸ்ட்வுட்டின் 'அன்ஃபர்கிவன்' (1992) சிறந்த படத்திற்கானது உள்ளிட்ட நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. அதில் அயர்லாந்து நடிகர் ரிச்சர்ட் ஹாரிஸ், பொய்ப்புகழ் பரப்பித் திரியும் ஆங்கிலத் துப்பாக்கிவீரராக வந்தார். அதன்பின் ஆண்டிற்கு ஒரு சில படங்களே வந்தன. அவற்றிலும் அயலார் முன்னணியில் நின்றனர். '3:10 டு யூமா' (2007) படத்தின் இரு நாயகர்களுள் ரஸ்ஸல் குரோ நியூசிலாந்திலும் கிறிஸ்டியன் பேல் வேல்ஸிலும் பிறந்தவர்கள். 'ஜாங்கோ அன்செய்ன்ட்' (2012) வியன்னாவில் பிறந்த கிறிஸ்டோஃப் வால்ட்ஸுக்கு ஆஸ்கர் பெற்றுத் தந்தது. 'த பவர் ஆஃப் த டாக்' (2021) மான்டானாவின் கதையை நியூசிலாந்து மண்ணில் எடுத்த படம். அதன் இயக்குநர் ஜேன் கேம்பியன் 2022இல் ஆஸ்கர் வென்றார். பூர்வகுடி நடிகை லில்லி கிளாட்ஸ்டோன் 'கில்லர்ஸ் ஆஃப் த ஃபிளவர் மூன்' (2023) படத்திற்காகச் சிறந்த நடிகை விருதுக்கான பரிந்துரையை 2024இல் பெற்றார்.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. கௌபாய்ப் படம் தோன்றிய நாள்தொட்டே அதன் முதற்பொருள் மயங்கியே இருந்தது. நிலம் மாறியதும் நடிகர் மாறியதும் அதன் தேய்வுக்குக் காரணம் ஆகா. அயல்நாட்டுக் கலைஞர்கள் அதன் கருப்பொருள்களைக் காத்து, உள்நாட்டில் ஆதரவு குன்றியபோதும் அதனை வாழவைத்தனர். தேய்ந்தது உரிப்பொருள் ஒன்றே. அதாவது, வந்தவர் உரியவர் ஆனது நேர்மையான வழியில்தான் என்னும் நம்பிக்கை.

பெர்லினில் பிறந்தவர் கமான்சித் தலைவராக நடித்ததைப் பார்வையாளர் இயல்பாக ஏற்ற வரையில் அந்நம்பிக்கை நிலைத்தது. டான் ஜார்ஜும் கிரஹாம் கிரீனும் தம் இனத்து முகத்தோடு திரையில் பேசத் தொடங்கியபோது, பழைய கதையை ஐயமின்றிச் சொல்வது அரிதாயிற்று. ஆகவே கௌபாய்ப் படத்தின் பழைய வடிவத்தை அயலவர் வருகை குலைத்தது என்பதைவிட, நெடுங்காலம் தம் மண்ணிலேயே அயலவராக நிறுத்தப்பட்டிருந்தவர்களின் வருகை குலைத்தது என்பதே பொருத்தமாகும்.