அவர் காத்த ஏடுகள்

கொலைகாரன் யாரென்று தெரியாமல் உறங்கும் வழக்குகள் உண்டு. தெரிந்தும் உறங்க வைக்கப்படும் வழக்குகளும் உண்டு. முன்னது அறியாமையின் விளைவு. பின்னது ஆதிக்கத்தின் விளைவு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு குடும்பம் முப்பதாண்டுக்கு மேல் சுமந்த துயரம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

மெட்கர் எவர்ஸ் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். நாட்டைக் காக்கச் சென்று மீண்டவர், 1946இல் சொந்த ஊரில் வாக்களிக்கப் போனார். ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கூட்டம் வழிமறித்துத் திருப்பி அனுப்பியது. அவர் செய்த குற்றம், கறுப்பராகப் பிறந்ததுதான்! 1954 முதல் கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கத்தின் களச் செயலாளராக ஊர் ஊராய்ச் சென்றார். வாக்காளர் பட்டியலில் தம் மக்களின் பெயர் ஏற உழைத்தார். நிறவெறிக்குப் பலியானோரின் கொலைகளைத் துருவி ஆராய்ந்தார்.

1963 ஜூன் 12, நள்ளிரவு கடந்த வேளை. ஜாக்சன் நகரில் தம் வீட்டு வாயிலில் முதுகில் சுடப்பட்டுச் சாய்ந்தார். அப்போது அவருக்கு வயது 37. வெடியோசை கேட்டு வெளியே ஓடிவந்தனர், மனைவி மர்லியும் மூன்று குழந்தைகளும்.

சான்றுக்குப் பஞ்சமில்லை. அருகிலிருந்த புதரில் துப்பாக்கி கிடைத்தது. அதன் குறிநோக்கியில் பைரன் டி லா பெக்வித் என்ற நிறவெறியனின் விரல்ரேகை இருந்தது. ஆயினும் 1964இல் இருமுறை நடந்த விசாரணையிலும் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. நடுவர் அனைவரும் வெள்ளை ஆடவர்! முன்னாள் ஆளுநர் ஒருவர் நீதிமன்றத்துக்கே வந்து குற்றவாளிக் கூண்டில் நின்றவனோடு கைகுலுக்கினார். அவன் விடுதலையாகி வீடு சேர்ந்தான், மர்லியோ காத்திருந்தார்.

1989இல் ஓர் உண்மை வெளிவந்தது. நிறப் பிரிவினையைக் காக்க மாநில அரசே அமைத்திருந்த ஆணையம், நடுவராகக் கூடியவர்களைப் பற்றி மறைவாகத் துப்பறிந்து எதிரித் தரப்புக்கு உதவியிருந்தது. ஒரு கையால் குற்றம் சாட்டிய அரசு, மறு கையால் குற்றவாளியைத் தாங்கியது! இதற்குப் பெயர் நீதியா?

வழக்கு மீண்டும் எடுக்கப்பட்டபோது பழைய விசாரணைப் பதிவு நீதிமன்றத்தில் இல்லை. ஆனால் அதன் படியொன்றை மர்லி இத்தனை ஆண்டும் காத்து வைத்திருந்தார். அரசு தொலைத்ததை அவர் தொலைக்கவில்லை. 1994 பிப்ரவரி 5 அன்று பெக்வித் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. ஆயுள் தண்டனை கிடைத்தது. 2001இல் சிறைவாசியாகவே இறந்தான்.

துப்பாக்கி அதே, ரேகை அதே. கொலையைப் பற்றி அவன் பெருமையடித்ததைக் கேட்டவர்கள் புதிதாக வந்து சாட்சி சொன்னார்கள். ஆனால் பெரிய மாற்றம் நடுவர் இருக்கைகளில்தான் இருந்தது: எண்மர் கறுப்பர், நால்வர் வெள்ளையர். அங்கே வாக்காளர் பட்டியலிலிருந்துதான் நடுவர்களைத் தேர்ந்தார்கள். 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் அந்தப் பட்டியலைக் கறுப்பருக்குத் திறந்திருந்தது. எந்த உரிமைக்காக எவர்ஸ் உயிரிழந்தாரோ, அந்த உரிமையே அவருடைய கொலைக்குத் தீர்ப்பளித்தது.

தோழர்களே, காலம் கனிந்தால் நீதி தானே கிட்டும் என்பார்கள். நாம் அதை ஏற்பதற்கில்லை. முப்பதாண்டுக் காலம் சும்மா கழிந்திருந்தால் கொலைகாரன் முதுமையில் நிம்மதியாக மாண்டிருப்பான். ஏடுகளைக் காத்த ஒரு பெண்ணும், பட்டியலில் பெயர் பதிந்த மக்களுமே அந்த நீதியைக் கொணர்ந்தார்கள்.