ஆங்கில மேசையும் வன்னி முதிரையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய கல்வீடுகளில் வாழ்ந்தோர் தம் வீட்டுப் பொருள்களைப் பற்றிக் கூறுமிடத்து, 'இங்கிலீசு மேசை' என ஒன்றைத் தனித்துச் சுட்டுதல் வழக்கம். பொன்மஞ்சள் நிறப் பலகை. அதன் விளிம்பைச் சுற்றி மயிரிழைபோல் ஓடும் கருங்கோடு. நடுவிலோ மூலைகளிலோ வேற்றுநிற மரத்துண்டுகளாற் பதிக்கப்பெற்ற விசிறி அல்லது சங்கு வடிவம். இவையே அப்பெயரைப் பெறும் மேசையின் அடையாளங்கள். இப்பெயர் எத்துணைப் பொருத்தமுடையது என்பதனை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

முதலில் சொற்களை நோக்குவாம். மேசை, கதிரை, வாங்கு, அலுமாரி என்பன போர்த்துக்கேய மொழியிலிருந்து எமக்கு வந்தவை. மேசையின் இழுப்பறையைக் குறிக்கும் 'லாச்சி' ஒல்லாந்தரின் சொல். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற சுவடுகள் இவை. 1795ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றியபோது மேசைக்கு வேண்டிய சொற்கள் யாவும் யாழ்ப்பாணத்தில் வழங்கிவந்தன. ஆங்கிலேயர் தந்தது பெரும்பாலும் வடிவமே. 'ரீப்போ' என்னும் சிறு மேசையின் பெயரும் தேநீரோடு தொடர்புடையதெனப் பலர் கருதுவர். அஃது உண்மையில் முக்காலி எனப் பொருள்படும் இந்திச் சொல்லின் ஆங்கிலத் திரிபேயாம். கீழைத்தேயச் சொல்லொன்று ஆங்கில வேடம் புனைந்து மீண்டும் எம்மிடம் வந்தமைக்கு இது சான்று. மேசைக்கும் இவ்வாறே நிகழ்ந்தது என்பதே எமது வாதம்.

இங்கிலாந்தில் மரப்பதிப்பு வேலை 16ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. 1689இல் ஒல்லாந்து நாட்டவரான மூன்றாம் வில்லியம் ஆங்கில அரியணை ஏறிய காலத்தையொட்டி, மெல்லிய தகடாகச் சீவிய மரங்களைப் பூவும் கொடியுமாக வெட்டி ஒட்டும் முறை அங்கு பெரிதும் பரவிற்று. பின்னர் 18ஆம் நூற்றாண்டின் பிற்கூற்றில் அக்கலை மறுபடியும் செழித்தது. ஜோர்ஜ் ஹெப்பிள்வைற் 1786இல் மறைந்தபின் 1788இல் வெளிவந்த அவரது மாதிரி நூலும், தோமஸ் செரற்றன் 1791 முதல் வெளியிட்ட வரைபட நூலும் இக்காலப் பாணியை நிலைநிறுத்தின. அப்பாணியின் உயிர்நாடி பொன்னிறம் பளபளக்கும் ஒரு மரமாகும். தொடக்கத்தில் அது மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சென்றது. நூற்றாண்டின் இறுதியளவில் இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் மற்றோரினமும் இலண்டன் தச்சரின் பட்டறைகளை அடைந்தது. அவ்வினம் வேறன்று, வன்னிக் காடுகளில் வளரும் எமது முதிரையே. விளிம்பிலோடும் கருங்கோட்டிற்கு உகந்த கருங்காலியும் இலங்கையின் உலர்வலயக் காட்டு மரமாகும்.

எனவே, இலண்டனிற் செய்யப்பட்ட மேசையிலும் ஈழத்து மரம் இருந்திருக்கக்கூடும். ஈழத்திற் செய்யப்பட்ட மேசையும் இலண்டன் மாதிரியைப் பின்பற்றியிருக்கக்கூடும். இவ்விரண்டையும் மேற்பரப்பினை மட்டும் நோக்கி வேறுபிரித்தல் அரிது. மேசையைக் கவிழ்த்துப் பார்த்தல் வேண்டும். இங்கிலாந்தில் முதிரை விலையுயர்ந்த இறக்குமதிப் பொருள். ஆதலின் அதனைத் தகடாகச் சீவி, மலிவான வேறு மரத்தின்மீது ஒட்டுவதே அங்கு பெருவழக்கு. அடியில் ஊசியிலை மரமோ ஓக் மரமோ மகோகனியோ காணப்படும். இலங்கையிலோ தச்சன் முதிரையை முழுப்பலகையாகவே பயன்படுத்தினான்; அடிப்பாகங்களுக்குப் பலாவும் உதவியது. முழுப்பலகையில் உளியாற் பள்ளம் தோண்டி, அதனுள் வேற்று மரத்துண்டை அடைத்துப் பதிப்பது ஒரு முறை. தகட்டின்மேல் தகடு ஒட்டுவது பிறிதொரு முறை. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

காலநிலையும் இதில் ஓர் ஏதுவாகும். தோலிலிருந்து காய்ச்சப்படும் வச்சிரப் பசை ஈரத்தில் இளகும் இயல்பினது. ஐப்பசி, கார்த்திகை மாரியிலே ஊறி, சோளகக் காற்றிலே உலரும் குடாநாட்டு வீடுகளில் ஒட்டிய தகடு எளிதில் எழும்பிவிடும். தோண்டிப் பதித்த துண்டு அத்துணை எளிதிற் கழலாது. எமது தச்சர் தோண்டிப் பதித்தலை மேற்கொண்டமையை மேலைநாட்டு நுட்பம் அறியாமையின் விளைவெனக் கொள்வது பொருந்தாது. இடமறிந்து செய்த தேர்வு அது.

தென்னிலங்கைக் காலி நகரத்து மேசைகள் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், காலித் துறைமுகத்தில் நீராவிக் கப்பல்கள் தங்கிச் சென்ற காலத்தில், நாட்டு மரங்கள் பலவற்றின் துண்டுகளைக் கதிர்போல் அடுக்கிப் பதித்த வட்ட மேசைகளை அந்நகரத்துத் தச்சர் செய்தனர். கருங்காலி, முதிரை, பலா, தென்னை ஆகியவற்றோடு, ஈரவலயத்துக்கேயுரிய கலமந்தர் மரமும் அவற்றில் இடம்பெறும். அவை ஆங்கில வடிவமுடையன, ஐரோப்பியருக்கென ஆக்கப்பட்டன, எனினும், அவற்றை இன்று எவரும் ஆங்கில மேசை என்பதில்லை, காலி மேசை என்றே ஏலக்காரரும் எழுதுவர். குடாநாட்டு வேலைக்கு அவ்வாறு ஒரு பெயர் வாய்க்கவில்லை. கப்பற் பயணியர் வாங்கிச்சென்ற பொருளுக்கு ஊர்ப்பெயர் கிடைத்தது. வீட்டிலே தங்கிவிட்ட பொருளுக்கு அயலவர் பெயர் ஒட்டிக்கொண்டது எனலாம்.

ஆய்வாளரும் இதற்கு ஓரளவு பொறுப்புடையர். ஜோசப் பியர்சன் 1929இல் இலங்கையின் ஐரோப்பியக் கதிரைகளைப் பற்றி எழுதிய கட்டுரையும், ஆர். எல். புரோகியர் ஒல்லாந்தர் காலத் தளபாடங்களைப் பற்றி எழுதிய நூலும் இன்றும் பயன்படுவன. அவற்றின் உழைப்பை நாம் மதிக்கின்றோம். ஆயினும், பொருள்கள் அங்கு ஆண்டவரின் பெயராலேயே வகுக்கப்பட்டுள்ளன. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட பெருநூலில் கைவினைஞனை முதன்மைப்படுத்தினார். அவர் ஆராய்ந்தது கண்டிப் பிரதேசம். யாழ்ப்பாணத் தச்சர் குடியினைக் குறித்து அத்தகைய நூலொன்று எழவேண்டியிருந்தது.

அதற்கான சான்றுகள் அருகிவிட்டன. 1990இல் கோட்டையைச் சூழ நடந்த போரில் 1706ஆம் ஆண்டின் ஒல்லாந்தர் தேவாலயம் சிதைவுற்றது. அவ்வாண்டில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் வெளியேறினர். சைக்கிளில் ஏற்றக்கூடியவற்றையே அவர்கள் கொண்டுசென்றனர். முதிரை மேசை சைக்கிளில் ஏறாது. மீண்டு வந்தோருட் பலர் கதவும் யன்னலுமற்ற சுவர்களையே கண்டனர்.

எஞ்சியவற்றுக்கு வேறோர் இடர் உண்டு. புலம்பெயர்ந்தோர் ஊர் திரும்பிப் பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது மேசையும் பட்டறைக்குச் செல்கிறது. மேற்பலகை இழைக்கப்பட்டு மெருகு பெறுகிறது. அடிப்பலகை உளுத்ததென்று கழற்றி எறியப்பட்டுப் புதுப்பலகை அறையப்படுகிறது. பதிப்பின் பள்ளமும், உளியின் தடமும், அடிமரத்தின் இனமும் அக்கழித்த பலகையோடேயே போய்விடுகின்றன. அதன்பின் அம்மேசை எங்கு செய்யப்பட்டதென்று வினவுவோர்க்கு, 'இங்கிலீசு மேசை' என்னும் பெயரொன்றே விடையாக நிற்கும்.